வெயிலும் ஆழமில்லாத கடலும்: எங்க தூத்துக்குடி

தூத்துக்குடின்னு சொன்னதும் வெளியூர்க்காரங்க வாயிலேர்ந்து வர்றது ஒண்ணு மக்ரூன், இன்னொண்ணு உப்பு, 2018க்கு அப்புறம் துப்பாக்கிச்சூடு. மூணும் இந்த ஊரோட கதைதான், மறுக்கல. ஆனா இங்க எப்படி இத்தனை தொழில் வந்து குவிஞ்சுதுன்னு யாரும் கேக்குறதே இல்ல. யோசிச்சுப் பாத்தா ஆச்சரியமாத்தான் இருக்கும், ஏன்னா இங்க நல்ல தண்ணி கிடையாது, மாநிலத்துக்கு சராசரியா 90 செ.மீ.க்கு மேல மழை பெய்யுதுன்னா எங்களுக்கு 65 செ.மீ. கிட்டதான், கடலும் கரையோரத்துல ஆழமில்ல, பெரிய கப்பல் வந்து ஒதுங்குற மாதிரி இயற்கையா ஒரு இடம் கிடையாது. ஒரு ஊரு பொழைக்க என்னவெல்லாம் வேணும்னு நாம நினைப்போமோ அதுல பாதி இங்க இல்ல.

என் கணக்குல இந்த ஊருக்கு ரெண்டே ரெண்டு முதல்தான், வெயில் ஒண்ணு, ஆழமில்லாத கடல் ஒண்ணு. முத்துலேர்ந்து காஸ்டிக் சோடா வரைக்கும் எந்தத் தொழிலை எடுத்துப் பாத்தாலும் கடைசியில இந்த ரெண்டுல ஒண்ணுலதான் போய் நிக்கும். அந்த ரெண்டையும் காசா மாத்துனது ஜனங்க உடம்பு. இதைத்தான் கொஞ்சம் விலாவாரியா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

முதல்ல கடல். ஆழம் கம்மியா இருக்குறதாலதான் முத்துச்சிப்பி இங்க வளந்துச்சு, மனுஷன் மூச்சடக்கி முங்கி எடுக்குற ஆழத்துல பாறைத்திட்டு இருந்தாத்தானே முத்துக்குளிக்க முடியும். அந்தத் திட்டுகளை இங்க பார்னு சொல்லுவாங்க, தொள்ளாயிரம் பார்னு ஒண்ணு பேர் போனது. பாண்டியர் காலத்துல துறைமுகம் தாமிரபரணி கடல்ல சேர்ற இடத்துல கொற்கையில இருந்துச்சு, ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி கடல் விலகிப்போக, இன்னைக்கு கொற்கைக்குப் போனா சுத்தி வயலும் வாழையும்தான், கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கு. தொழில் மெல்ல வடக்க நகந்து தூத்துக்குடி பெருசாச்சு. 1530கள்ல பரதவர் சமுதாயம் போர்ச்சுகீசியர் ஆதரவோட கத்தோலிக்க மதத்துக்கு மாறுனது, 1542ல பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது, 1658ல டச்சுக்காரங்க ஊரைப் புடிச்சது, அப்புறம் 1825ல நிரந்தரமா இங்கிலீஷ்காரங்க கைக்குப் போனது, இதெல்லாம் வரலாற்றுப் புஸ்தகத்துல தனித்தனி அத்தியாயமா இருக்கும், ஆனா எல்லாரும் வந்த காரணங்கள்ல முதல் காரணம் இந்தச் சிப்பி.

இடுப்புல கயிறு, கால்ல கல்லு, அவ்வளவுதான் குளியாளுக்கு. மேல தோணியில கயிறு புடிக்கிறவன் கவனம் தப்புனா உசுரு போச்சு. சுறா வரக்கூடாதுன்னு மந்திரம் சொல்ல கடல்கட்டின்னு ஒருத்தர் இருப்பார், அவர் இல்லாம இறங்க மாட்டாங்க. அள்ளுன சிப்பியில பெரும்பங்கு சர்க்காருக்கு. அள்ளி அள்ளி கடைசியா 1961ல நடந்த முத்துக்குளிப்போட அது நின்னுபோச்சு, அதுக்கப்புறம் பார்ல சிப்பி பழைய மாதிரி தேறவே இல்ல. 1973ல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இதே ஊருல முத்து வளர்ப்புல ஜெயிச்சுக் காட்டுனாங்க, விஞ்ஞானமா அது பெரிய சாதனை, ஆனா ஊருக்குத் தொழிலா அது நிக்கல. சங்கு மட்டும் இன்னும் இருக்கு. திரேஸ்புரம் பக்கம் சங்குகுளிக்குப் போற குடும்பங்க இருக்கு, இங்க எடுக்குற சங்கு வங்காளத்துக்குப் போய் கல்யாணப் பொண்ணுங்க கையில வளையலாகுது.

அதே ஆழமில்லாத கடல்தான் இன்னொரு தொழிலையும் கொண்டுவந்துச்சு. நீராவிக் கப்பல் வந்த காலத்துல அது கரைக்கிட்ட வர முடியாது, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். பஞ்சு மூட்டையோ தேயிலைத் தோட்டத்துக்குப் போற ஜனமோ எதுவா இருந்தாலும் சின்ன வள்ளத்துலயும் லைட்டர்ங்கிற சரக்குப் படகுலயும் ஏத்திக்கொண்டுபோய் கப்பல்ல ஏத்தணும். 1876ல ரயில் வந்த பிறகு மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல இங்க வந்து இங்கேருந்து கப்பல்ல கொழும்பு போறதுதான் வழி, 1914ல பாம்பன் பாலம் திறந்து அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிப் பக்கம் போற வரைக்கும். அந்தக் கொழும்பு ரூட்டுலதான் வ.உ.சி. கை வச்சார். 1906ல சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, பங்கு ஒண்ணு 25 ரூபாய், 40,000 பங்கு, மொத்த மூலதனம் 10 லட்சம். காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்துச்சு. எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சுக்கிட்டே போச்சு.

எனக்கு அவர் கப்பல் விட்டதை விட பெருசாத் தெரியிறது கோரல் மில் ஸ்டிரைக். 1908 பிப்ரவரி கடைசியில அந்த நூல் மில் தொழிலாளிங்க வேலைய நிறுத்துறாங்க, வ.உ.சி.யும் சுப்ரமணிய சிவாவும் கூட நிக்கிறாங்க, ஊரே சோறு போடுது, பத்து நாள் கிட்ட ஆகுறதுக்குள்ள மில் நிர்வாகம் இறங்கி வந்து கூலி உசத்துறதுக்கும் வார லீவு விடுறதுக்கும் ஒத்துக்குது. மார்ச் 12ல அவரைக் கைது பண்ணிட்டாங்க, முதல்ல கொடுத்த தண்டனை ரெண்டு ஆயுள், 40 வருஷம். கப்பல் கம்பெனி 1911ல கலைஞ்சுபோச்சு. ஆனா அந்தப் பத்து நாள்ல ஒரு மில் தொழிலாளிக்கு ஞாயித்துக்கிழமை கிடைச்சுது பாருங்க, அது வீண்போகல. 2011ல துறைமுகத்துக்கு அவர் பேரை வச்சாங்க, ரொம்ப சரியான வேலை, கொஞ்சம் லேட்டு.

தோணி இன்னும் ஓடுது, நிறையப் பேருக்கு இது தெரியாது. பீச் ரோட்டுல பழைய துறைமுகத்துப் பக்கம் போனா மரத்தோணிங்க வரிசையா நிக்கும், இருநூறு முன்னூறு டன் தாங்குற சைஸ்ல, முன்ன பாய் மட்டும், இப்ப எஞ்சினும் சேத்து. மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, சிமெண்டு, ஜல்லின்னு இங்கேருந்துதான் போகுது, லட்சத்தீவுக்கும் போகும். செப்டம்பர்லேர்ந்து மே நடு வரைக்கும்தான் ஓட்டம், தென்மேற்குக் காத்து கிளம்பிட்டா தோணி கரையேறிடும், அப்ப பலகை இடுக்குல பஞ்சு திணிச்சு ரிப்பேர் பாக்குற வேலை நடக்கும். கன்டெய்னர் கப்பல் வந்ததும் தோணி ஒழிஞ்சிரும்னு சொன்னாங்க, ஒழியல, ஏன்னா பெரிய கப்பல் போக முடியாத சின்னத் தீவுக்கும் சின்னச் சரக்குக்கும் தோணிதான் கட்டுபடியாகும்.

பெரிய துறைமுகம் 1974 ஜூலை 11ல வந்துச்சு. நாட்டோட பத்தாவது பெருந்துறைமுகம். இதை நேர்ல பாத்தாத்தான் புரியும், கடல் ஆழமில்லன்னு கைவிடாம ஆழம் இருக்குற இடத்துக்குக் கல்லைக் கொட்டிக்கிட்டே போயிருக்காங்க, வடக்கு அலைதடுப்பு 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, தெக்கு அதுக்குக் கொஞ்சம் கீழ, ரெண்டு கையை நீட்டி கடலுக்குள்ள ஒரு குளத்தை உண்டாக்குன மாதிரி. மொத்தமும் மனுஷன் கட்டுன துறைமுகம். இன்னைக்கு வருஷத்துக்கு 4 கோடி டன் கிட்ட சரக்கு போய் வருது. நிலக்கரிதான் அதுல பெரிய பங்கு, அப்புறம் கன்டெய்னர், மரத்தடி, சுண்ணாம்புக்கல், உரம். திருப்பூர் பனியன், கரூர் பெட்ஷீட், கோவில்பட்டி சிவகாசி தீப்பெட்டி, தென்னை நார், இறால், நம்ம கரிசக்காட்டுல விளையுற அவுரி இலைன்னு சொல்லப்படுற சென்னா இலை வரைக்கும் எல்லாம் இந்த வழிதான். காத்தாலை இறக்கை ஏத்துமதிக்குப் போறப்ப பைபாஸ்ல லாரி திரும்புறதை நின்னு பாக்கணும், ஒரே ஒரு இறக்கைய ஏத்திக்கிட்டு அந்த நீள வண்டி ரவுண்டானாவுல அங்குலம் அங்குலமா திரும்பும், முன்னும் பின்னும் ரெண்டு பேரு கொடி புடிச்சுக்கிட்டு ஓடுவாங்க, டிராஃபிக் மொத்தமும் பொறுமையா நிக்கும், ஹாரன் அடிக்கிறவன் நிச்சயம் வெளியூர்க்காரன்.

துறைமுகம்னா கிரேனும் கப்பலும் மட்டும் இல்ல. ஊருக்குள்ள தெருவுக்குத் தெரு கிளியரிங் ஆபீஸ், ஷிப்பிங் ஏஜென்சி, சுத்துவட்டாரத்துல கன்டெய்னர் வச்சுப் பிரிக்கிற சிஎஃப்எஸ் யார்டு, லாரி ஷெட்டு, டயர் கடை, ராத்திரி ரெண்டு மணிக்கும் புரோட்டா போடுற கடை. பிகாம் முடிச்ச பையன் கஸ்டம்ஸ் டாக்குமென்ட் பாக்கக் கத்துக்கிட்டா அவனுக்கு வேலை உண்டு, இது எங்க ஊரு நடுத்தரக் குடும்பத்தோட ஐம்பது வருஷத்து நம்பிக்கை. ஆனா நிலக்கரி இறங்குற பக்கம் குடியிருக்கிறவங்களைக் கேளுங்க, மொட்டை மாடியில வெள்ளைத் துணி காயப்போட முடியாதுன்னு சொல்லுவாங்க.

மீன்பிடிக்கும் ஒரு வார்த்தை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுக்குத் தங்குகடல், அதாவது ராத்திரி கடல்லயே தங்கி மீன் புடிக்கிற அனுமதி கிடையாது, காலையில அஞ்சு மணிக்குப் போயி ராத்திரி ஒன்பது மணிக்குள்ள திரும்பிடணும், அதனால ஏலம் ராத்திரியிலதான் சூடு புடிக்கும். ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் தடைக்காலம். தருவைகுளம், திரேஸ்புரம், இனிகோ நகர், ஒவ்வொண்ணுக்கும் வலையும் படகும் வேற, அது தனிக் கட்டுரைக்கு உள்ள விஷயம்.

இப்ப வெயிலுக்கு வர்றேன். உப்பளம். குஜராத்துக்கு அடுத்து நாட்டுல அதிக உப்பு எங்க மாவட்டத்துலதான், 25,000 ஏக்கர் கிட்ட, நல்ல வருஷத்துல 25 லட்சம் டன் வரைக்கும் வரும். வேம்பார்லேர்ந்து ஆறுமுகநேரி தாண்டி கடற்கரையை ஒட்டி பாத்தி பாத்தியா பளபளன்னு கிடக்கும். நிறையப் பேரு கடல் தண்ணிய அப்படியே பாய்ச்சுறாங்கன்னு நினைக்கிறாங்க, பெரும்பாலான அளத்துல போர் போட்டு எடுக்குற நிலத்தடி உப்புத்தண்ணிதான், கடலை விட அதுல உப்பு ஜாஸ்தி. தண்ணியில உப்பு எவ்வளவு செறிவா இருக்குன்னு டிகிரியிலதான் அளப்பாங்க, கடல் தண்ணி 3 டிகிரின்னா தண்ணிய பெரிய பாத்தியிலேர்ந்து சின்ன பாத்திக்கு மாத்தி மாத்தி வெயில்ல வத்தவிட்டு 25 டிகிரி வரைக்கும் ஏத்தணும், வழியிலயே ஜிப்சம் தனியா படிஞ்சிரும், 25ல உப்பு பூக்க ஆரம்பிக்கும், 29 தாண்ட விட்டா மெக்னீசியம் சேந்து உப்பு கசந்துபோயிரும், அதுக்குள்ள மிச்சத் தண்ணிய வெளிய விட்டுரணும். டிகிரி பாக்க ஒரு கண்ணாடி மீட்டர் இருக்கு, ஆனா பழைய ஆளுங்க பாத்தியில தண்ணி எண்ணெய் மாதிரி தடிச்சு லேசா சிவக்குறதை வச்சே சொல்லிருவாங்க.

முள்ளக்காடு பக்கம் ஒரு அளத்துல விடியிறதுக்கு முன்னாடி போயிருந்தேன். கோடையில ராத்திரி மூணு மணிக்கே வேலை தொடங்கிரும், வெயில் ஏறுனா நிக்க முடியாது. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, தலையில துண்டு, கால்ல பழைய சாக்ஸை ரெண்டு மூணா மாட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாங்க ஒரு அக்கா. ஆம்பளைங்க பலகை வச்சு உப்பை வாரி வரப்போரம் குவிக்க, பொம்பளைங்க சட்டியில அள்ளித் தலையில வச்சு தட்டுமேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரமா கொட்டுறாங்க. சட்டியிலேர்ந்து வடியிற தண்ணி நெத்தி வழியா கண்ணுக்குள்ள போகுது, துடைக்க கை கிடையாது, ரெண்டு கையும் சட்டியில. அந்த அக்கா கண்ணு ஓரம் செவந்துபோய் இருந்துச்சு. "கண்ணு டாக்டர்ட்ட காட்டுனீங்களாக்கா?"ன்னு கேட்டேன். "கருப்புக் கண்ணாடி போடச் சொல்லுதாக தம்பி, கண்ணாடில உப்பு படிஞ்சா வரப்பு தெரிய மாட்டேங்கு, விழுந்தா யாரு பாப்பா?"ன்னாங்க. மழையப் பத்திப் பேச்சு வந்துச்சு. "மழை வேண்டாம்னு எப்படிச் சொல்ல, குடிக்கத் தண்ணி வேணும்லா. பெஞ்சா அடுப்பெரியாது, அவ்வளவுதான்."

அக்டோபர்ல அடைமழை தொடங்குனா ஜனவரி வரைக்கும் அளத்துல வேலை கிடையாது, அப்புறம் பாத்தியச் சேறு போக்கி, மிதிச்சு மிதிச்சு தரைய இறுக்கி எடுக்கவே வாரக்கணக்கு ஆகும். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, எங்க ஒரு வருஷத்து மழைய விட ஜாஸ்தி, அப்ப தட்டுமேட்டுல கிடந்த அம்பாரமெல்லாம் கரைஞ்சு போச்சு. முதலாளிக்கு அது உப்பு நஷ்டம். தொழிலாளிக்கு அடுத்த சீசன் எப்பத் தொடங்கும்ங்கிற கேள்வி. மழைக்காலத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பிச்சிருக்காங்க, அதை மனசாரப் பாராட்டுறேன், பல வருஷமா கேட்டுக் கேட்டுக் கிடைச்சது. ஆனா வீட்டு வாசல்ல மூணு மாசம் உக்காந்திருக்கிற குடும்பத்துக்கு அது எத்தனை நாள் வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

இந்த உப்பு சாப்பாட்டுக்கு மட்டும்னு நினைச்சிறாதீங்க. உப்புத்தண்ணியில கரண்டு பாய்ச்சுனா காஸ்டிக் சோடாவும் குளோரினும், அதனாலதான் சாகுபுரத்துல அறுபது வருஷத்துக்கு மேல ஒரு கெமிக்கல் ஆலை. உப்பும் அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் சேந்தா சோடா ஆஷ், அதுக்கு ஒரு ஆலை. ஸ்பிக் உரத் தொழிற்சாலை 1975ல, அனல்மின் நிலையத்தோட முதல் யூனிட் 1979ல, கடைசியில 210 மெகாவாட் வீதம் அஞ்சு யூனிட், 1,050 மெகாவாட். நிலக்கரி கப்பல்ல வருது, கரண்டு இங்க, உப்பு இங்க, ஏத்துமதிக்குத் துறைமுகம் பக்கத்துலயே, ஒண்ணு இன்னொண்ணை இழுத்துக்கிட்டு வந்துச்சு.

ஸ்டெர்லைட் தாமிர ஆலையும் அப்படி வந்ததுதான், தாது கப்பல்ல வரும், உருக்குனா தாமிரம், கூடவே கந்தக அமிலம், அது உரத்துக்குப் போகும். காகிதத்துல கணக்கு அழகா இருந்துச்சு. 2013 மார்ச்ல வாயுக் கசிவுன்னு புகார், அதே ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு சுற்றுச்சூழல் கேட்டுக்கு 100 கோடி கட்டச் சொன்னாங்க, 2018 மே 22ல போராட்டத்தோட நூறாவது நாள் கலெக்டர் ஆபீஸை நோக்கிப் போன ஜனங்க மேல போலீஸ் சுட்டு, அடுத்த நாள் சூட்டையும் சேத்து 13 பேர் செத்துப்போனாங்க, ஒரு வாரத்துக்குள்ள ஆலைய மூடச் சொல்லி அரசு உத்தரவு, 2024 பிப்ரவரி 29ல கம்பெனியோட மனுவ சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி பண்ணுச்சு. ஆலை மூடுனதால லாரிக்காரங்களுக்கும் கான்டிராக்ட் ஆளுங்களுக்கும் பொழப்பு போனது நிஜம், அதை நான் மறைக்க மாட்டேன், எனக்குத் தெரிஞ்ச வீடுகள்லயே வண்டிய வித்தவங்க உண்டு. ஆனா மூச்சு விட நல்ல காத்து வேணும்னு கேட்டுப் போனவங்க பிணமா திரும்புனதை எந்த உற்பத்திக் கணக்கோடவும் வச்சு எடை போட எனக்கு மனசு வராது.

ஊரோட குணம்னு கேட்டா, வேலை முடிஞ்சு சாப்பாட்டுக்கு உக்காரும்போது அது தெரியும். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழான்னா ஜூலை 26 கொடியேத்துனதுலேர்ந்து எல்லா மதத்துக்காரங்களும் பீச் ரோட்டுலதான். மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக் கரு, சீனி, முந்திரி மட்டும், அதை நுரைக்க அடிச்சு காகிதக் கூம்புல புடிச்சு சுழிச்சு விட்டு மிதமான சூட்டுல ராத்திரி முழுக்க உலர விடுவாங்க, ஈரக்காத்து பட்டா போச்சு, அதுக்கும் இந்த ஊரு காச்சல் வெயில்தான் துணை. அப்புறம் தண்ணி. ஊரைச் சுத்தி உப்புத்தண்ணியா இருந்த காலத்துல வல்லநாட்டுலேர்ந்து தாமிரபரணித் தண்ணிய குழாய்ல கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தை இங்க இன்னும் நன்றியோட பேசுவாங்க. அதே தாமிரபரணித் தண்ணிய 20 எம்ஜிடி (ஒரு நாளைக்கு 2 கோடி காலன்) திட்டத்துல ஆலைகளுக்குக் கொடுக்குறப்ப ஸ்ரீவைகுண்டம் விவசாயிங்க கோபப்பட்டதுல ஞாயம் இருக்கு. கடல் பக்கத்துலயே இருக்கிற ஆலைங்க கடல் தண்ணியச் சுத்திகரிச்சு எடுத்துக்கட்டும், ஆத்துத் தண்ணி குடிக்கவும் வயலுக்கும்.

கடலுக்குள்ளயும் ஒரு விலை கொடுத்திருக்கோம். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததுல விலாங்குசல்லித் தீவு முங்கியே போச்சு, கரைக்குப் பக்கத்துல இருக்கிற வான் தீவு ரெண்டு ஹெக்டேருக்கும் கீழ சுருங்கிருச்சு. 2015க்கு அப்புறம் அதைச் சுத்தி கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கி அரிப்பைத் தடுத்திருக்காங்க, மண்ணு திரும்பச் சேருது, பவளம் அதுல ஒட்டுது. சரியான வழி இதுதான், காரியாச்சல்லித் தீவுக்கும் அதே வேலை வேகமா நடக்கணும்.

இப்ப புதுசு புதுசா வருது. சிலாநத்தம் சிப்காட்ல 400 ஏக்கர்ல வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4ல திறந்தாச்சு, தொடக்கத்துல வருஷத்துக்கு 50,000 வண்டி. குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் போட்டாச்சு, வாகைக்குளத்துல விமான நிலையப் புதுக் கட்டடம் 2025 ஜூலையில. வெளித்துறைமுகம், பசுமை ஹைட்ரஜன், கப்பல் கட்டுற தளம்னு அடுத்தடுத்துப் பேச்சு. எனக்கு இதுல சந்தோஷம்தான், படிச்ச பிள்ளைங்க சென்னைக்கும் துபாய்க்கும் போகாம ஊர்லயே இருக்கலாம்ல. ஆனா ஒரு கேள்விய இப்பவே கேட்டு வச்சுரணும். புதுக் கம்பெனி கேட்டுல பேட்ஜ் போட்டு உள்ள போற பசங்கள்ல உப்பளத்து வீட்டுப் பிள்ளைங்க எத்தனை பேரு, திரேஸ்புரத்துப் பிள்ளைங்க எத்தனை பேரு, கான்டிராக்ட்ல எத்தனை, நிரந்தரமா எத்தனை? அந்தக் கணக்கை வருஷா வருஷம் மாவட்ட நிர்வாகமே வாங்கி வெளியிடணும், அடைமழை மாசத்துல அளத்து ஆளுங்களுக்கு ஐடிஐல குறுகிய காலப் பயிற்சியும் உதவித்தொகையும் சேத்துக் கொடுக்கணும். இதை மனுவா எழுதி திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கொடுக்கலாம்னு சில பேரு பேசி வச்சிருக்கோம், வர முடிஞ்சவங்க கலெக்டர் ஆபீஸுக்குக் காலையில பத்து மணிக்கு முன்னாடியே வந்துருங்க, டோக்கன் வாங்கணும்.